டூரிங் பைக்கில் ரேடியோ ஆன்டெனா: மறைக்கலாமா, வேண்டாமா?

அமெரிக்க நெடுஞ்சாலைகளில் ஓடும் ஹோண்டா கோல்டு விங், ஹார்லி டேவிட்சன் எலெக்ட்ரா கிளைடு மாதிரியான டூரிங் பைக்குகளைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். முன்னால் அகலமான ஃபேரிங், இரண்டு பக்கமும் பெட்டிகள், பின்னால் சாட்டை மாதிரி ஆடும் ஒரு கம்பி. அதுதான் ரேடியோ ஆன்டெனா. சில வண்டிகளில் இரண்டு இருக்கும். ஒன்று ஏஎம், எஃப்எம் கேட்க. இன்னொன்று, கூட வருபவர்களோடு பேசும் சிபி ரேடியோவுக்கு.

பல ஆயிரம் டாலர் கொடுத்து வாங்கிய வண்டியில் இந்தக் கம்பி மட்டும் கண்ணை உறுத்துகிறது என்பது பலருடைய குறை. “பாட்டெல்லாம் போன்லதானே கேக்கறோம், இது எதுக்கு?” என்று கழற்றிவிட்டு விரல் நீளக் குட்டி ஆன்டெனாவை மாட்டுகிறார்கள். சிலர் ஃபேரிங்குக்குள் ஒளித்துவிடுகிறார்கள். அவரவர் வண்டி, அவரவர் ரசனை. ஆனால் கை வைப்பதற்கு முன் அந்தக் கம்பி என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

ஏன் இவ்வளவு நீளம்?

எஃப்எம் நிலையங்கள் 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை ஒலிபரப்புகின்றன. 100 மெகாஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் 3 மீட்டர். அதில் கால் பங்கு, அதாவது 75 சென்டிமீட்டர் கம்பி அந்த அலையை நன்றாகப் பிடிக்கும். கணக்கு அவ்வளவுதான். ஏஎம் அலை இன்னும் பெரியது. 1 மெகாஹெர்ட்ஸில் 300 மீட்டர். அதற்கு முக்கால் மீட்டர் கம்பியே குட்டைதான். அதையும் குறைத்தால் முதலில் அடிவாங்குவது ஏஎம்.

ஊருக்குள், ஒலிபரப்புக் கோபுரத்துக்குப் பக்கத்தில் ஓட்டும்வரை குட்டி ஆன்டெனாவில் வித்தியாசம் தெரியாது. ஊரைத் தாண்டினால்தான் இரைச்சல் ஆரம்பிக்கும். “பூஸ்டர் வெச்சா சரியாயிடும்” என்பார்கள். பூஸ்டர் சிக்னலோடு சேர்த்து இரைச்சலையும் பெரிதாக்கும். வராத சிக்னலை அதனால் வரவழைக்க முடியாது.

ஒளித்து வைத்தால்?

பிளாஸ்டிக் ஃபேரிங் ரேடியோ அலையைத் தடுக்காது. உலோகமும் கார்பன் ஃபைபரும் தடுக்கும். ஃபேரிங்குக்குள் வேறொரு தொல்லை உண்டு. எல்இடி ஹெட்லைட், யுஎஸ்பி சார்ஜர், மற்ற வயர்கள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. அவை கிளப்பும் மின் இரைச்சல், ஒளித்து வைத்த ஆன்டெனாவுக்கு நேராகப் போய்ச் சேரும். முடிந்தவரை அவற்றிலிருந்து தள்ளி வைக்க வேண்டும்.

சிபி ஆன்டெனா விஷயம் தனி. அது 27 மெகாஹெர்ட்ஸில் அனுப்பவும் செய்கிறது. மீட்டர் வைத்து நீளத்தைச் சரிசெய்து மாட்டியிருப்பார்கள். அதை வெட்டினால், வெளியே போக வேண்டிய சக்தி ரேடியோவுக்கே திரும்பி, அதைப் பழுதாக்கலாம். அந்தக் கம்பி இல்லாமல் மைக்கை அழுத்தவே கூடாது.

பாட்டு மட்டும்தானா?

பாட்டு மட்டும் என்றால் இவ்வளவு பேச வேண்டியதில்லை. அமெரிக்காவில் நோவா வானிலை வானொலி இரவு பகலாக எச்சரிக்கைகளைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. 162.400 முதல் 162.550 மெகாஹெர்ட்ஸ் வரை ஏழு அலைவரிசைகள். பல டூரிங் பைக்குகளின் ரேடியோவில் இந்த வசதி இருக்கிறது. கான்சஸ், ஓக்லஹோமா சமவெளியில் சூறாவளியும் ஆலங்கட்டி மழையும் வரும்போது காரில் போகிறவருக்குத் தலைக்கு மேல் கூரையாவது உண்டு. பைக்காரருக்கு ஹெல்மெட் மட்டும்தான். அரை மணி நேரம் முன்னால் தெரிந்தால் எங்காவது ஒதுங்கலாம்.

“போன்ல பாத்துக்கலாம்” என்றால், நெவாடாவின் யுஎஸ் 50 சாலையை நினைத்துப் பாருங்கள். 1986-ல் ‘லைஃப்’ இதழ் ‘அமெரிக்காவின் மிகத் தனிமையான சாலை’ என்று எழுதிய சாலை அது. அங்கே நெடுந்தூரத்துக்கு போன் சிக்னல் கிடைக்காது. ஆனால் இரவானால் ஏஎம் அலை வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி வெகுதூரம் போகும். நாஷ்வில்லின் 650 கிலோஹெர்ட்ஸ் டபிள்யூஎஸ்எம் போன்ற 50 கிலோவாட் நிலையங்கள் இரவில் பல நூறு கிலோமீட்டர் தாண்டியும் கேட்கும். புதிய வாகனங்களில் ஏஎம் ரேடியோவைக் கட்டாயமாக்க வேண்டும் என்று 2023-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் மசோதா கொண்டுவந்தபோது சொன்ன முக்கியக் காரணமும் அவசரகால எச்சரிக்கைதான்.

என்ன செய்யலாம்?

ஊருக்குள் மட்டும் ஓட்டுபவர் தாராளமாக எடுத்துவிடலாம். தூரம் போகிறவர்களுக்கு என் யோசனை இதுதான்: எதையும் வெட்டாதீர்கள். பெரும்பாலான ரேடியோக் கம்பிகள் திருகிக் கழற்றக்கூடியவை. குட்டி ஆன்டெனாவை மாட்டி, வழக்கமாகப் போகும் நீண்ட வழியில் ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். வானிலை அலைவரிசையை வைத்துக்கொண்டே போங்கள். எந்த இடத்தில் குரல் மறைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை பழைய கம்பியோடு அதே வழியில் போய் ஒப்பிட்டுப் பாருங்கள். இடைப்பட்ட தூரம் பெரிதாக இருந்தால், பழைய கம்பியைப் பெட்டியில் போட்டுக்கொண்டு போங்கள். ஊருக்குள் குட்டி, நெடுந்தூரத்துக்கு நெட்டை. மாற்றி மாட்ட ஐந்து நிமிடம்கூட ஆகாது.