கதவைப் பூட்டினா போதுமா?

எங்க ஊர் அனந்தபுரம், செஞ்சிக்குப் பக்கம். கடல் பார்க்கணும்னா மரக்காணத்துக்கோ பாண்டிச்சேரிக்கோ பஸ் ஏறணும். அப்படிப்பட்ட வீட்டுல போன மாசம் ஒரு ராத்திரி சாப்பாட்டு நேரம் பூரா கடல் கொள்ளையர் பத்தித்தான் பேச்சு. காரணம் என் ரூம்மேட். மெக்கானிக்கல் ஃபைனல் இயர். பி.இ. முடிச்சதும் ஜி.எம்.இ. கோர்ஸ் சேர்ந்து கப்பல்ல இன்ஜினியர் ஆகப் போறான். லீவுக்கு வந்தவன்கிட்ட அம்மா, "ஏம்பா, நடுக்கடல்ல கொள்ளைக்காரன் ஏறிட்டா என்ன பண்ணுவ?"ன்னு கேட்டாங்க. "கப்பல்ல துப்பாக்கியோட செக்யூரிட்டி இருப்பாங்கம்மா, பயமில்ல"ன்னு சொல்லிட்டு அவன் இன்னொரு தோசை வாங்கிக்கிட்டான்.

அந்தப் பதில்தான் எனக்கு ஒத்துக்கல.

துப்பாக்கி வேலைக்கே ஆகாதுன்னு சொல்லல. சோமாலியக் கொள்ளை உச்சத்துல இருந்த 2010, 2011 சமயத்துல ஆயுதக் காவலர்களை ஏத்தினதுதான் நிறைய கப்பலைக் காப்பாத்துச்சுன்னு கப்பல்காரங்க சொல்றாங்க, அதுல உண்மை இருக்கு. ஆனா அந்தத் துப்பாக்கி நம்ம கடற்கரைப் பக்கம் வந்தப்போ என்ன ஆச்சு? 2012 பிப்ரவரி 15, கேரளக் கடலுக்கு அப்பால் 'என்ரிகா லெக்ஸி'ங்கிற இத்தாலிய எண்ணெய்க் கப்பல். அதுல காவலுக்கு இருந்த இத்தாலியக் கடற்படை வீரர்கள், நெருங்கி வந்த ஒரு மீன்பிடிப் படகைக் கொள்ளையர் படகுன்னு நினைச்சுச் சுட்டாங்க. 'செயின்ட் ஆன்டனி' படகுல இருந்த ரெண்டு மீனவர்கள் செத்துப்போனாங்க. ஒருத்தர் கொல்லத்துக்காரர், இன்னொருத்தர் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துப் பையன். வழக்கு சர்வதேசத் தீர்ப்பாயம் வரைக்கும் போய், 10 கோடி ரூபாய் இழப்பீட்டோட 2021 ஜூன்ல உச்ச நீதிமன்றத்துல முடிஞ்சது.

அடுத்த வருஷமே தூத்துக்குடி. 2013 அக்டோபர்ல 'சீமேன் கார்டு ஓஹியோ'ங்கிற கப்பலை நம்ம கோஸ்ட் கார்டு பிடிச்சது. அது ஒரு அமெரிக்க செக்யூரிட்டி கம்பெனியோடது. துறைமுகங்கள்ல துப்பாக்கியோட இறங்க விட மாட்டாங்க. அதனால இந்த மாதிரி கம்பெனிகள் ஆளையும் ஆயுதத்தையும் கடல்லயே ஒரு கப்பல்ல வெச்சிருந்து, தேவைப்படுற சரக்குக் கப்பலுக்கு மாத்தி விடுவாங்க. மிதக்கும் ஆயுதக் கிடங்குன்னு சொல்லலாம். அதுல இருந்த 35 பேருக்கும் 2016 ஜனவரியில தூத்துக்குடி நீதிமன்றம் அஞ்சு வருஷம் தண்டனை கொடுத்துச்சு. 2017 நவம்பர்ல உயர் நீதிமன்ற மதுரைக் கிளை எல்லாரையும் விடுதலை பண்ணுச்சு. அந்த 35 பேருல காவலர்கள் மட்டும் இல்ல, கப்பலை ஓட்டின சாதாரண மாலுமிகளும் உண்டு. கம்பெனி எடுத்த முடிவுக்கு நாலு வருஷம் அல்லாடினது வேலைக்குப் போனவங்க.

சரி, துப்பாக்கி இல்லாம எப்படித் தப்பிக்கிறது? இங்கதான் நம்ம சப்ஜெக்ட் வருது. கொள்ளையர் வர்ற சின்னப் படகு 25 நாட் வேகம் வரைக்கும் போகும். 18 நாட்டுக்கு மேல போற கப்பல்ல ஏறுறது ரொம்பக் கஷ்டம்னு கப்பல் துறையோட பாதுகாப்புக் கையேடே சொல்லுது. அப்போ எல்லாரும் 18-ல போக வேண்டியதுதானேன்னு கேட்கலாம். ஒரு பல்க் கேரியர் சாதாரணமா 13 நாட்ல போகும். தேவையான பவர் தோராயமா வேகத்தோட க்யூப்ல ஏறும், ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல அரியர் வெச்சவங்களுக்கும் இது தெரியும். 13-ல இருந்து 18-க்குப் போகணும்னா பவர் ரெண்டரை மடங்குக்கும் மேல. பல கப்பலோட இன்ஜினுக்கு அந்தச் சக்தியே கிடையாது, இருந்தாலும் எரிபொருள் செலவைப் பார்த்து முதலாளி விட மாட்டார். போதாக்குறைக்கு, முழுசா லோடு ஏத்தின கப்பல் தண்ணியில இறங்கி உட்கார்ந்திருக்கும். ஏணி மாட்டி ஏற வசதி. அதனால ஓரமெல்லாம் சுருள் முள்கம்பி, தண்ணி பீய்ச்சுற குழாய், ராத்திரி பகல் காவல். இதெல்லாம் தாண்டியும் ஏறிட்டா கடைசி வழி சிட்டடல்.

சிட்டடல்னா கப்பலுக்குள்ள இருக்கிற ஒரு பூட்டு அறை. பெரும்பாலும் இன்ஜின் கன்ட்ரோல் ரூம் மாதிரி இடம். எல்லாரும் உள்ள போய் இன்ஜினை நிறுத்திட்டுப் பூட்டிக்கணும். சாப்பாடு, தண்ணி, வெளியே பேசத் தனி கம்யூனிகேஷன் இருக்கணும். முக்கியமா ஒருத்தர்கூட வெளியே மாட்டியிருக்கக் கூடாது. ஒருத்தர் பிணைக்கைதியா வெளியே இருந்தாலும் கடற்படை உள்ள வரத் தயங்கும்.

இதைப் படிச்சப்போ எனக்கு எங்க ராஜகிரிதான் ஞாபகம் வந்துச்சு. செஞ்சிக் கோட்டை உச்சிக்குப் போற வழியில ஆழமான ஒரு பிளவு, அதுக்கு மேல ஒரு சின்னப் பாலம். பாலத்தை எடுத்துட்டா எவனும் வர முடியாது. மேல சுனை, களஞ்சியம் எல்லாம் உண்டு. 1690-ல முகலாயப் படை சுத்தி வளைச்சு, எட்டு வருஷம் முட்டி மோதுச்சு. ஆனா 1698-ல கோட்டை விழுந்துச்சு. பூட்டிக்கிட்டு உட்கார்ந்தா நேரம் கிடைக்கும், அவ்ளோதான். அந்த நேரத்துக்குள்ள யாராவது வரணும்.

2024 ஜனவரியில 'லீலா நார்ஃபோக்' கப்பல்ல 21 பேர், அதுல 15 பேர் இந்தியர்கள், சிட்டடலுக்குள்ள பூட்டிக்கிட்டாங்க. மறுநாளே ஐ.என்.எஸ். சென்னை போய்ச் சேர்ந்துச்சு, எல்லாரும் பத்திரம். 2011 ஜனவரியில 'பெலுகா நாமினேஷன்' ஆட்களும் இதே மாதிரிதான் பூட்டிக்கிட்டாங்க. ரெண்டு நாளுக்கு மேல யாரும் வரல. கொள்ளையர் உடைச்சு உள்ள போனாங்க, மாலுமிகள் சிலர் செத்தாங்க. ரெண்டு இடத்துலயும் பூட்டு பூட்டுதான். உதவிக்கு வந்த கப்பல்தான் வித்தியாசம்.

நம்ம கடற்படை இப்போ நல்லாவே வருது. 'ரூயன்' கப்பலை மூணு மாசம் கழிச்சு 2024 மார்ச்ல மீட்டு, 35 கொள்ளையரை மும்பைக்குக் கொண்டு வந்தாங்க. அவங்க மேல வழக்குப் போட 2022-ல வந்த கடற்கொள்ளைத் தடுப்புச் சட்டமும் கையில இருந்துச்சு. ஆனா பிடிபட்டவங்களை என்ன பண்றோம்ங்கிறது மாலுமி தலையிலயும் விடியும். 'அஸ்ஃபால்ட் வென்ச்சர்' 2010 செப்டம்பர்ல கடத்தப்பட்டுச்சு. 2011 ஏப்ரல்ல பணம் கொடுத்தும், இந்தியா பிடிச்சு வெச்ச தங்கள் ஆட்களை விடணும்னு சொல்லி ஏழு இந்தியர்களை மட்டும் விடல. அவங்க வீடு திரும்பினது 2014 அக்டோபர் கடைசியில. கப்பல் எப்பவோ வந்துடுச்சு.

அதனால கன்மேன் இருக்காங்களான்னு கேட்கிறதுக்கு முன்னாடி கேட்க வேண்டியது வேற. ஆள் எடுக்கிற ஏஜென்ட்டுக்கு டி.ஜி. ஷிப்பிங் கொடுக்கிற ஆர்.பி.எஸ்.எல். லைசென்ஸ் இருக்கா? ஆபத்தான பகுதிக்குப் போக மாட்டேன்னு சொல்ற உரிமை கான்ட்ராக்ட்ல இருக்கா? பிணையா மாட்டினா வீட்டுக்குச் சம்பளம் தொடருமா? மாட்டின காலம் பூரா சம்பளம் நிற்கக் கூடாதுன்னு மாலுமிகளுக்கான சர்வதேச ஒப்பந்தத்துல 2018-ல திருத்தம் வந்து, 2020 டிசம்பர் 26-ல இருந்து அமலுக்கு வந்துடுச்சு. இந்தியா அந்த ஒப்பந்தத்துல இருக்கு. நம்ம கேம்பஸ்ல ஜி.எம்.இ. பத்திப் பேசுற சீனியர்கள் டாலர் கணக்கு மட்டும்தான் சொல்றாங்க, இதைப் பத்தி ஒருத்தரும் வாய் திறந்து நான் பார்த்ததில்லை.

ரூம்மேட்டை உட்கார வெச்சு இந்த மூணு கேள்வியையும் அவனோட ஏஜென்ட்டுக்கு வாட்ஸ்அப்ல அனுப்ப வெச்சேன். ப்ளூ டிக் வந்து நாலு நாளாச்சு. அம்மா தினமும் போன்ல கேட்கிறாங்க, "அந்தப் புள்ளைக்குப் பதில் வந்துச்சா?"ன்னு.