பாலம் தெரியும் கரை யாருக்கு?
கொல்கத்தாவின் வித்யாசாகர் சேதுவைக் காணச் சிறந்த இடம் எதுவென்று கேட்டால், எல்லோரும் பிரின்செப் படித்துறையைத்தான் சொல்வர். 2012-இல் அங்கிருந்து பாபு காட் வரை ஆற்றோர நடைபாதையும் அமைந்துவிட்டது.

அதே ஹூக்ளியின் கீழ்ப்போக்கில் உள்ள கார்டன் ரீச்சின் நிலை வேறு. 1856-இல் அரசிழந்து வந்த அவத் நவாப் வாஜித் அலி ஷா மாளிகைகள் எழுப்பி வாழ்ந்த கரை இது. இன்று அதன் பெரும்பகுதி துறைமுக மதில்களுக்கும் போர்க்கப்பல் கட்டும் தளத்துக்கும் பின்னால் மறைந்து கிடக்கிறது. மட்டியாபுருஜின் தையல் தொழிலாளி ஆற்றை முழுதாகக் காணப் படகேற வேண்டும், அதற்கும் கட்டணம்! கப்பல் தளத்துக்குக் காவல் அவசியமே. ஆயினும் படித்துறைகளை ஒட்டிய சிறு நிலத்தையேனும் மக்களுக்குத் திறந்துவிடுவது குறித்து மாநில அரசும் மத்திய துறைமுக அமைச்சகமும் பேசித் தீர்க்க வேண்டும்.