பந்தயக் காருக்கு எந்தத் தண்டு?

விருத்தாசலத்துக்காரர்களிடம் பீங்கானின் குணத்தைப் பற்றிப் புதிதாக ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. பியூஸ் கட்டையும் பொம்மையும் செய்து பிழைக்கும் ஊர் அது. சூளையில் வெந்த பீங்கான் தலையில் எவ்வளவு பாரம் வைத்தாலும் தாங்கும். முறுக்கினால் சொல்லாமல் கொள்ளாமல் உடையும். சந்தேகம் உள்ளவர்கள் ஒரு சாக்பீஸை இரு கையாலும் பிடித்துத் திருகிப் பார்க்கலாம். அது குறுக்கே உடையாது. திருகாணியின் புரி போலச் சரிவாக உடையும். இழுப்பைத் தாங்காத பொருள்களுக்கெல்லாம் இதே கதிதான். சாதாரண எஃகுத் தண்டோ முதலில் முறுகி, நெளிந்து, எச்சரிக்கை கொடுத்த பிறகுதான் அறும்.

மோட்டார் காரில் பீங்கானுக்கும் ஓர் இடம் உண்டு. ஸ்பார்க் பிளக்கின் வெள்ளைக் கழுத்து அதுதான். ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரத்தையும் எஞ்சினின் சூட்டையும் அது தாங்குகிறது. அதையே சக்கரத்தைச் சுழற்றும் தண்டாக்க யாரும் நினைக்க மாட்டார்கள். ஆனால், 'லேசாக இருக்கிறதா, விலை அதிகமா' என்று மட்டும் பார்த்துத் தண்டு வாங்கும் பந்தயப் பிரியர்கள் செய்வதும் ஏறக்குறைய அந்தக் காரியமே.

சோழவரத்தில், யுத்த காலத்து விமானத் தளத்தில், பல ஆண்டுகள் மோட்டார் பந்தயம் நடந்தது. பிறகு இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பாதையே அமைந்தது. பந்தயங்களில் ஒருவகை 'டிராக்' பந்தயம். வளைவு கிடையாது, கால் மைல், அதாவது 402 மீட்டர், நேராகப் பாய வேண்டும். புறப்படும் அந்தக் கணத்தில்தான் தண்டுக்குச் சோதனை. கியர் பெட்டியையும் பின் அச்சையும் இணைக்கும் இந்தத் தண்டை மெக்கானிக்குகள் 'புரொப்பல்லர் ஷாப்ட்' என்பார்கள். ஆயிரம் குதிரைசக்தி எஞ்சின் ஆயிரம் நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை தந்தால், முதல் கியர் அதை மூன்று மடங்காக்கித் தண்டில் ஏற்றும். ஒரு மீட்டர் நீளக் கம்பின் நுனியில் 300 கிலோவைத் தொங்கவிட்டது போன்ற முறுக்கு அது!

முறுக்கோடு விஷயம் முடியவில்லை. வேகம் ஏறினால் தண்டு ஸ்கிப்பிங் கயிறு போல நடுவில் வளைந்து சுழலத் தொடங்கும். 75 மில்லிமீட்டர் குறுக்களவும் ஒன்றரை மீட்டர் நீளமும் உள்ள எஃகுக் குழாய்க்கு, நிமிடத்துக்குச் சுமார் 5,500 சுற்றில் அந்த ஆபத்து வரும். மணிக்கு 240 கிலோமீட்டரில் பாயும் காரிலோ தண்டு 8,000 சுற்று வரை போகக்கூடும். நீளத்தைப் பாதியாக்கினால் ஆபத்து வேகம் நான்கு மடங்கு உயரும். ஆகவே, உலோகத்தைத் தேடுவதற்கு முன்னால் அளவு நாடாவைத் தேடுவதே உசிதம்.

அலுமினியம் எஃகின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் குறுக்களவு ஒன்றாகவே இருந்தால், ஆபத்து வேகம் எஃகுக்கும் அலுமினியத்துக்கும் ஏறக்குறைய ஒன்றே. கடைக்காரர்கள் இதைச் சொல்வது அபூர்வம்! குழாயைப் பருமனாக்கினால்தான் பலன். காரின் அடியில் அதற்கு இடம் வேண்டும். பற்றவைத்த இடத்தில் அலுமினியத்தின் பலம் குறைவதும் உண்டு. கார்பன் நாரிழைத் தண்டு மிக லேசு. சுழற்சியையும் நன்றாகத் தாங்கும். உடைந்தால் பெரும்பாலும் துடைப்பம் போலப் பிரியும். ஆனால் விலை அதிகம். கல் பட்டு உள்ளே ஏற்பட்ட காயம் வெளியே தெரியாமல் இருக்கலாம். புகைக் குழாயின் சூடும் அதற்கு ஆகாது.

பெரும்பாலோருக்கு நல்ல எஃகுக் குழாயே போதும். சக்தி மிகுந்தால் குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகு. தண்டு நீளமாகி, குறுக்கவும் வழியில்லாவிட்டால் பருமனான அலுமினியம். கார்பன், பணமும் பரிசோதிக்கும் வசதியும் உள்ளவர்களுக்கு. பழைய இரும்புக் கடையில் கிடைத்த தண்ணீர்க் குழாயை வெட்டிப் பற்றவைப்பது மட்டும் யாருக்கும் வேண்டாம். இரண்டு பக்கமும் சமநிலை பார்க்காமல் எந்தத் தண்டையும் பூட்டவும் கூடாது.

இத்தனையும் செய்தாலும், ஒரு நாள் முன்பக்கத்து 'கிராஸ்' உடையலாம். தண்டின் முனை சாலையில் குத்தி, வண்டியையே தூக்கி எறிந்துவிடும். பின்பக்கம் உடைந்தாலும் ஆபத்துதான். அமெரிக்காவில் இத்தகைய பந்தயங்களை நடத்துகிறவர்கள், வேகமான கார்களுக்கு முன் இணைப்பிலிருந்து 15 சென்டிமீட்டருக்குள் தண்டைச் சுற்றி ஓர் இரும்பு வளையம் வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். கார்பன் தண்டின் விலைக்கு முன்னால் அந்த வளையத்தின் செலவு சுண்டைக்காய். ஒரு பட்டை இரும்பும், நன்றாகப் பற்றவைக்கத் தெரிந்த ஒரு கையும், அரைநாள் அவகாசமும் இருந்தால், விருத்தாசலத்துப் பட்டறையிலேயே அதைச் செய்து பூட்டிவிடலாம்.