லூபின் வளர்ப்பவர்கள் கத்தரியை எடுக்கட்டும்

நியூசிலாந்தின் மெக்கன்சி பகுதியில் நவம்பர் வந்தால் ஆற்றோரமெல்லாம் ஊதாவும் இளஞ்சிவப்புமாய் லூபின் பூத்துக் கிடக்கும். சுற்றுலாவுக்கு நல்லதுதானே என்பார்கள். யாருக்கு நல்லது? இங்கிலாந்தின் யார்க் நகரத் தோட்டக்காரர் ஜார்ஜ் ரஸ்ஸல் உருவாக்கி, 1937-ல் காட்சிக்கு வைத்த தோட்டச்செடி இது. அவரைக் குடும்பம் அல்லவா, காற்றிலுள்ள நைட்ரஜனை வேர்முடிச்சில் தானே சேர்த்துக்கொள்ளும். எருவே வேண்டாம், வெறும் கூழாங்கல்லிலும் தழைக்கும். அந்தத் திறந்த கூழாங்கல் திட்டில்தான் அரிய கருப்பு நெடுங்கால் உள்ளான் முட்டையிடுகிறது. இப்போது அங்கே புதர். புதருக்குள் பதுங்கிய பூனை!

தண்ணீர் ஊற்றுவது மட்டுமா பராமரிப்பு? பூ வாடியதும், நெற்று வெடித்து விதை சிதறுமுன் தண்டை வெட்ட வேண்டும். (வெட்டினால் மறுபடியும் பூக்கும், நட்டமில்லை.) அதற்குச் சோம்பல்படுகிறவர்களும், ஆற்றை ஒட்டி வீடு உள்ளவர்களும் லூபினை நடவே கூடாது.