மலத்தில் இரத்தம்: மூலம் என்று முடிவு செய்யும் முன்

ஆண்டுதோறும் மார்ச் மாதம் பல நாடுகளில் பெருங்குடல் புற்றுநோய் விழிப்புணர்வு மாதமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அச்செய்திகளைப் படித்துவிட்டு, "எனக்கு நாற்பத்தைந்து வயது, நானும் கொலோனோஸ்கோப்பி செய்துகொள்ள வேண்டுமா?" என்று கேட்போர் உண்டு. அமெரிக்காவில் 2021ஆம் ஆண்டு இப்பரிசோதனையைத் தொடங்கும் வயது 50இலிருந்து 45ஆகக் குறைக்கப்பட்டது. இளையோரிடம் இந்நோய் அங்கு கூடி வருவதே அதற்குக் காரணம்.

இந்தியாவின் நிலை வேறு. நமது தேசியத் தொற்றா நோய்த் தடுப்புத் திட்டத்தில், முப்பது வயதைக் கடந்தோருக்கு வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்று புற்றுநோய்களுக்கே பரிசோதனை செய்யப்படுகிறது. மேலைநாடுகளை நோக்க இங்கு பெருங்குடல் புற்றுநோய் குறைவாதலால், இம்முன்னுரிமை நியாயமானதே. எனினும் "முகாமில் எல்லாம் பார்த்துவிட்டார்கள்" என்று எண்ணிவிடாதீர்கள். உங்கள் குடலை அங்கு எவரும் பார்க்கவில்லை. ஆகவே, அறிகுறியைக் கவனித்து மருத்துவரிடம் சொல்லும் பொறுப்பு பெரிதும் உங்களிடமே உள்ளது.

இங்குதான் 'மூலம்' என்ற சொல் குறுக்கே நிற்கிறது. மலத்தில் இரத்தம் கண்டவுடன் சூடு என்றும் மூலம் என்றும் கருதி, மருந்துக் கடையில் களிம்பு வாங்கிப் பல மாதங்கள் கழித்து வருவோரைப் புறநோயாளிகள் பிரிவில் தொடர்ந்து காண்கிறேன். பெரும்பாலோருக்கு அது மூலமாகவே இருக்கும். ஆனால் மூலம் உள்ளவருக்கும் புற்றுநோய் வரலாம். பார்த்தால் அன்றி வேறுபாடு தெரியாது. ஆசனவாயில் விரலை நுழைத்துச் செய்யும் எளிய பரிசோதனைக்கு ஓரிரு நிமிடங்களே ஆகும். நோயாளி கூச்சப்படுகிறார், கூட்ட நெரிசலில் மருத்துவர்களாகிய நாங்களும் சில வேளைகளில் அதைத் தவிர்த்துவிடுகிறோம். நீங்களே கேளுங்கள், அதில் பிழையில்லை.

எல்லா இரத்தக் கசிவும் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்புச்சத்துக் குறைவால் இரத்தசோகை ஏற்பட்டால், மாத்திரையோடு நிறுத்தாமல் காரணத்தைத் தேட வேண்டும். மலம் கழிக்கும் வழக்கம் சில வாரங்களாக மாறியிருத்தல், காரணமின்றி எடை குறைதல் ஆகியவையும் அவ்வாறே.

பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்நோய் வந்திருந்தால், அறிகுறிக்குக் காத்திராதீர்கள். நாற்பது வயதிலோ, உறவினருக்கு நோய் கண்ட வயதுக்குப் பத்தாண்டு முன்போ, இவற்றுள் எது முந்தியதோ அப்போதே பரிசோதனையைத் தொடங்குவது வழக்கம். பெரும்பாலான பெருங்குடல் புற்றுநோய்கள் 'பாலிப்' எனும் சிறு சதை வளர்ச்சியிலிருந்து பல ஆண்டுகளில் உருவாகின்றன. கொலோனோஸ்கோப்பியின்போதே பாலிப்பை அகற்றிவிட இயலும் என்பதால், நோய் தோன்றும் முன்பே தடுக்க வழியுண்டு.

முதியோரைப் பராமரிப்போர் கவனத்திற்கு: அவர்கள் இதைத் தாமாகச் சொல்வது அரிது, நீங்களே கேட்டறியுங்கள். கொலோனோஸ்கோப்பிக்கு நாள் குறித்தவுடன், அவர்கள் உட்கொள்ளும் இரத்தம் உறையாமைக்கான மருந்துகள், நீரிழிவு மருந்துகள், இரும்புச்சத்து மாத்திரைகள் ஆகியவற்றை மருத்துவரிடம் காட்டுங்கள். இரும்புச்சத்து மாத்திரையைச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வார். மற்றவற்றை நீங்களாக நிறுத்த வேண்டாம்.