கடலில் ஒருவர் தவறி விழுந்தால்...

மணிக்கு 20 கடல்மைல் வேகத்தில் ஓடும் உல்லாசக் கப்பல் மூன்றே நிமிடத்தில் ஒரு கடல்மைலைக் கடந்துவிடும். விழுந்தவரை எவரும் காணாவிட்டால் எங்கே தேடுவது?

2004ஆம் ஆண்டு அலாஸ்கா சென்ற கப்பலொன்றில் ஓர் அமெரிக்கப் பெண் காணாமற்போனார். அவர் அறையில் இல்லையென்று பணியாளர் மேலாளரிடம் சொல்லியும் தேடுதல் நடக்கவில்லை. மகள் கப்பலில் போனதையே தகப்பனார் வாரக்கணக்கில் விசாரித்துத்தான் அறிந்தார். அவர் ஓய்ந்துவிடவில்லை. தம்மைப் போன்ற குடும்பங்களோடு சேர்ந்து 2006இல் ஒரு சங்கம் அமைத்தார். அவர்கள் விடாமல் கேட்டதன் பயனாக 2010இல் அமெரிக்காவில் சட்டம் வந்தது. அந்நாட்டுத் துறைமுகங்களுக்கு வரும் பெரிய பயணிகள் கப்பல்களில் கைபிடிக் கம்பி 42 அங்குல உயரமாவது இருக்கவேண்டும். அமெரிக்கர் காணாமற்போனால் எப்.பி.ஐ.க்கு விரைந்து அறிவிக்கவேண்டும்.

சகோதரிகளே, காணாமற்போனவரைத் தேடும் வேதனை நமக்குப் புதிதல்ல. அந்த மகள் திரும்பவில்லை; ஆனால் தகப்பன் கேட்ட கேள்வி பிறர் பிள்ளைகளுக்குக் காவலாயிற்று.

நாம் போகும் சிறு படகிலும் கேட்கலாம்: உயிர்காப்பு அங்கி எங்கே? ஏறியவுடன் அதை அணியுங்கள். யாராவது விழுந்தால் உடனே சத்தமிட்டு, மிதக்கும் பொருளை எறியுங்கள். ஒருவர் கண்ணெடுக்காமல் விழுந்தவரையே கையால் காட்டியபடி நிற்கட்டும்.