யாரும் கணக்கில் எழுதாத அடி



"கேம் விளையாடுறதெல்லாம் ஒரு விஷயம்னு ஆண்டு மலர்ல எழுத வந்துட்டியாடா?" என்று என் அறை நண்பன் கேட்டான். விஷயம் இருக்கிறது. படித்துவிட்டுத் திட்டுங்கள்.

2009-ல் வெளிவந்த 'லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்' ஆட்டத்தில் அணிக்கு ஐந்து பேர். நான்கு பேர் மூன்று பாதைகளில் நிற்பார்கள். ஐந்தாமவன் காட்டுக்குள் போவான். அவன்தான் ஜங்லர். அங்கே ஓநாய், பறவை, கல் பூதம் எல்லாம் உண்டு. அவை எந்த அணியையும் சேர்ந்தவை அல்ல. ஆனால் அவற்றை அடித்தால்தான் அவனுக்குக் காசும் அனுபவமும்.

எங்கள் அணியில் நான் ஜங்லர். வீரம் என்று நினைத்து நேருக்கு நேர் நின்று அடிப்பேன். மூன்று கூட்டத்தை முடிப்பதற்குள் உயிர் கால்வாசிதான் மிஞ்சும். அப்போது பார்த்து எதிரணி ஜங்லர் வருவான். ஒரே தட்டு! கொன்றவன் என்று அவன் பெயர் வரும். முக்கால்வாசி உயிரைக் குடித்த ஓநாயின் பெயர் வருமா?

சரி, கவசம் வாங்கினால் போதாதா? கணக்குப் போடுவோம். கவசம் 100 இருந்தால் 100 அடி 50 ஆகிறது. கவசம் 200 என்றால் 33. முதல் நூறு 50-ஐக் காப்பாற்றியது, அடுத்த நூறு 17-ஐத்தான் காப்பாற்றுகிறது. அதுவும் ஆட்டத் தொடக்கத்தில் வாங்கக் காசு ஏது?

காசில்லாதவனுக்கும் வழி உண்டு. ஒரு அடி அடித்துவிட்டு, அடுத்த அடிக்கு முன் இரண்டு எட்டு நடக்க வேண்டும். மிருகம் பின்னால் நடந்து வரும் நேரத்தில் அதனால் கடிக்க முடியாது. அடுத்த கூட்டம் இருக்கும் பக்கமாகவே நடந்தால் நேரமும் மிச்சம். ரொம்பத் தூரம் இழுத்தால் அது பொறுமையிழந்து திரும்பிப் போய் முழு உயிரோடு நிற்கும், ஜாக்கிரதை! பறவைக் கூட்டத்தில் பெரியது ஒன்று, சிறியது ஐந்து. ஒவ்வொன்றாகக் கொல்லாமல் எல்லாவற்றின் மேலும் படுகிற வித்தையைப் போட வேண்டும்.

எல்லாவற்றிலும் சுலபமான வழி 'லீஷ்'. முதல் மிருகத்தை, பாதையில் நிற்கும் நண்பர்கள் நாலு தட்டுத் தட்டிக் கொடுப்பது. அவர்களுக்குச் சில வினாடிதான். ஜங்லருக்கோ உயிர். நான் வெட்கப்பட்டுக் கேட்டதே இல்லை!

எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியவன் நான்தான். முதல் செமஸ்டரில் பீஸ் கட்டும் கடைசித் தேதி தெரியாமல் ஃபைன் கட்டினேன். அப்பா மூட்டை தூக்கிய இரண்டு நாள் கூலி அது. யாரும் எனக்கு எதிரி இல்லை. ஆனாலும் அடி விழுந்தது. பிறகு கணக்கில் அரியர் வந்தபோது, "பையன் படிக்கல" என்றார்கள். காட்டில் வாங்கிய அடியை யாரும் எண்ணவில்லை.

எனவே என் கருத்து இது. தோற்ற ஜங்லரைத் திட்டும் முன், தொடக்கத்தில் நாம் அவனுக்கு ஒரு தட்டுக் கொடுத்தோமா என்று கேட்போம். சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். முதலாண்டுத் தம்பி தங்கைகள் சேரும் வாரத்தில் வாசலில் ஒரு மேஜை போடுங்கள். தேதி, படிவம், உதவித்தொகை எல்லாம் சொல்லிக் கொடுக்க அண்ணன், அக்கா இரண்டு பேர் உட்காரட்டும்.

அதில் ஒரு நாற்காலி எனக்கு!